மிளகுக்காக ஒரு ஸ்தோத்திரம்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
மே 12, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று உன் வீட்டு வாசலில் நான் சொல்லாமல் விட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை. "நாய்தானட்டீ, ஆறு மாசம்தானே" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு டாக்ஸியில் ஏறினேன். மிளகு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். குரைக்கவில்லை.

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். இந்த ஆறு மாத வேலைக்காகக் கம்பெனி கொடுத்திருக்கும் வீடு மூன்றாம் மாடி. நாய் கூடாது என்று ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். ஜோசபின் மைனியும் உன் செல்ல மகள் கெசியாவும் சுகமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வருகிறது. இனிமேல் கடிதம்தான் என்று அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

மிளகின் வேலை நிற்பது. கௌதாரியின் வாசனை கிடைத்த இடத்தில் முன்காலைத் தூக்கியபடி அப்படியே நிற்க வேண்டும், நான் நடந்து போய்ப் பறவையைக் கிளப்பும்வரை. நெவாடா மலையில் நாங்கள் தேடிப் போகிற கௌதாரிக்கு அங்கே சுக்கர் என்று பெயர். மகா உஷார். கார் கதவைச் சத்தமாகச் சாத்தினால் அந்த மலையே காலியாகிவிடும். மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கிப் பறக்கும். நாம் மூச்சு வாங்க மேலே போய்ச் சேரும்போது அது பள்ளத்தாக்கில் இருக்கும். மிளகு இல்லாமல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அவனைத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அவன் சாப்பிடும்போது அடுத்த அறையில் ஒரு கரண்டியைக் கீழே போடுவேன். சில வாரம் கழித்துத் தட்டு. அப்புறம் வெகு தூரத்தில் பொம்மைத் துப்பாக்கி, அதுவும் அவன் பறவையில் கண்ணாக இருக்கும்போது மட்டும். ஒரே ஒரு தடவை தப்பான நேரத்தில், தப்பான இடத்தில் வெடித்தால் இத்தனையும் போய்விடும். போனால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

ஆகவே இரண்டே விஷயம். ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கையின்போது ஜன்னல் இல்லாத அறையில் ஃபேனைப் போட்டு வைத்திரு. நான் இல்லாதபோது அவன் பக்கத்தில் யாரும் துப்பாக்கியை எடுக்கக் கூடாது. நீ டெக்ஸஸில் இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

உன் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்.

அன்புடன்,
ரெபெக்கா


ஃபிரிஸ்கோ, டெக்ஸஸ்
ஜூலை 7

ஏட்டி வேட்டைக்காரி,

ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் சுகம். முதுகு வலிக்கத்தான் செய்யுது, வயசாகுதுல்லா. லெட்டர் லேட்டுன்னு திட்டாத.

ஜூலை ஃபோர்த் அன்னைக்கு உன் மகாராஜாவை வாக்-இன் க்ளாஸெட்ல வெச்சு, ஃபேன் போட்டு, கதவ சாத்தினோம். கெசியா தன்னோட ஹெட்போன அவன் காதுல மாட்டிவிடப் பாத்தா. உன் மைனியோட பட்டுச் சேலைக்கு நடுவுல படுத்து ஒம்பதரைக்கெல்லாம் குறட்டை. அவ சேலை பூரா நாய் முடி. அவ என்னை என்ன சொன்னான்னு இதுல எழுத முடியாது.

கெசியா அவன்கிட்ட இங்கிலீஷ்ல பேசினா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கான். நீ தமிழ்ல பழக்கி வெச்சதுனால இப்ப அவளும் 'இரு', 'வா', 'போதும்'னு மூணு வார்த்தை கத்துக்கிட்டா. சண்டே ஸ்கூல்ல அஞ்சு வருஷமா நடக்காதது.

ஒண்ணு கேக்கணும். எங்க மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தாரு. மிளகைப் பாத்து வெச்ச கண்ணு வாங்கல. செப்டம்பர் ஒண்ணாம் தேதி புறா சீசன் ஸ்டார்ட் ஆகுது. யாரோ ஒருத்தரோட பண்ணையில வருஷா வருஷம் கூடுவாங்களாம், பெரிய ஆளுங்க எல்லாம். பத்து வருஷமா இந்த ஆபீஸ்ல குப்பை கொட்டுதேன், இப்பதான் முதல் தடவையா என்னைக் கூப்பிடுதாரு. நாயையும் கொண்டு வரச் சொல்லுதாரு. காலையில போயிட்டு மத்தியானம் வந்துரலாம். என்ன சொல்லுத?

உன் அண்ணன்,
ரூஃபஸ்


பிஸ்கட்டவே
ஜூலை 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பட்டுச் சேலைக்காக மைனியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நான் சுகம். இங்கே மழை.

புறாவுக்கு வேண்டாம்.

புறா வேட்டையில் வயல் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். புறா மேலே பறந்து வரும், எல்லாரும் ஒரே சமயத்தில் சுடுவார்கள். நாய் மோந்து கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் கிடையாது. தலைக்கு மேலே வெடி மட்டும் இருக்கும், எதற்கென்று அவனுக்குப் புரியாது. என் ஒற்றைத் துப்பாக்கியின் சத்தத்தைத் தவிர வேறு எந்தத் துப்பாக்கியையும் அவன் கேட்டதில்லை.

உன்னைக் கூப்பிட்டது எனக்குச் சந்தோஷம்தான். நீ போ. அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போ. மேனேஜரிடம் என் தங்கை பொல்லாதவள் என்று சொல்லிக்கொள், எனக்கு வருத்தமில்லை.

"கொண்டு போக மாட்டேன்" என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
ரெபெக்கா


ஃபிரிஸ்கோ
ஜூலை 30

ஏட்டி,

எல்லாரும் சுகம். நீ சுகந்தானே.

கொண்டு போக மாட்டேன். வேதத்து மேல கைய வெச்சுச் சொல்லுதேன், போதுமா? மேனேஜர்ட்டயும் சொல்லியாச்சு. "யுவர் சிஸ்டர் சவுண்ட்ஸ் டஃப்"னாரு. உங்களுக்கு என்ன சார் தெரியும், நான் சின்னதுலேருந்து அடி வாங்கினவன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு.

நானும் போவேனான்னு தெரியல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேற. கோயிலுக்குப் போகாம புறா சுடப் போனேன்னு பாஸ்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.

நிம்மதியா வேலையப் பாரு.

ரூஃபஸ்


பிஸ்கட்டவே
செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். ஆகஸ்டில் ஒன்றும் இந்த மாதத் தொடக்கத்தில் ஒன்றுமாக இரண்டு கடிதம் எழுதினேன். வந்து சேர்ந்ததா தெரியவில்லை. கெசியாவுக்கு உடம்பு சரியில்லையா? உனக்கு வேலை அதிகமா?

இங்கே இலை நிறம் மாறத் தொடங்கிவிட்டது. நவம்பர் எட்டாம் தேதியோடு என் வேலை முடிகிறது. ஒன்பதாம் தேதி உன் வீட்டுக்கு வந்து, காரை வாடகைக்கு எடுத்து, மிளகைக் கூட்டிக்கொண்டு சான் ரமோனில் என் வீட்டுக்கு ஓட்டிப்போவதாக இருக்கிறேன். மூன்று நாள் ஆகும். நாங்கள் இருவரும் வழியில் பேசிக்கொண்டே போவோம்.

அவனுடைய போட்டோ ஒன்று அனுப்பேன்.

அன்புடன்,
ரெபெக்கா


ஃபிரிஸ்கோ
அக்டோபர் 3

அன்புள்ள தங்கை ரெபெக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம். நீயும் அவ்வாறே நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

வேலை மிகுதியால் கடிதம் எழுத இயலவில்லை. மிளகு நன்றாக இருக்கிறான். இங்கே வெயில் அதிகமாக இருந்ததால் சற்று இளைத்திருக்கிறான். பாதத்தில் சிறு காயம் ஏற்பட்டிருந்தது, ஆறிவிட்டது. வெளியே போக அவ்வளவாக விரும்புவதில்லை. கெசியாவின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறான். அவளும் மகிழ்ச்சியாக இருக்கிறாள்.

நீ வரும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆபீஸ் வேலையாக ஆஸ்டின் போக வேண்டியிருக்கிறது. ஜோசபின் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து வைப்பாள்.

இப்படிக்கு,
உன் அன்புச் சகோதரன்,
ரூஃபஸ்


சான் ரமோன், கலிஃபோர்னியா
நவம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. முதலில் போனைத்தான் எடுத்தேன், எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

மிளகை நான் கூட்டி வரும்போது யாரும் வீட்டில் இல்லை. மைனி வேலைக்குப் போயிருந்தார்கள். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வர ஐந்து நிமிடம் ஆனது. என்னை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் என் மடியில் தலையை வைத்தே வந்தான், அதில் சமாதானமாகிவிட்டேன்.

சனிக்கிழமை நெவாடாவில் எங்கள் மலைக்குப் போனோம். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். தரையில் உறைபனி. பாறைச் சரிவில் அவன் முன்னால் போனான். சுறுசுறுப்பாகத்தான் போனான். பாதி மலை ஏறியதும் நின்றான். கால் தூக்கி, வாலை நீட்டி, மூச்சுகூட விடாமல். ஆறு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். "இரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவனைத் தாண்டி நடந்தேன். ஏழெட்டுப் பறவைகள் கிளம்பின. ஒன்றைச் சுட்டேன். விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவன் இல்லை.

பறவையை எடுக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். அப்புறம் வெகு கீழே கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அவன் ஓடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. என் குரல் கேட்டுத் திரும்பாமல் அவன் ஓடியதே இல்லை. இரண்டு மைல் இறங்கிவந்து பார்த்தபோது வண்டிக்கு அடியில், சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தான். நடுங்கிக்கொண்டிருந்தான். சிறுநீர் கழித்திருந்தான். கையை நீட்டினேன், கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்று நினைப்பவர்கள் மூடுவது மாதிரி.

அவனை நான் அடித்ததில்லை.

வண்டிக்கு அடியில் அவனோடு படுத்துக்கொண்டேன். வெளியே வர மத்தியானம் ஆனது. சுட்ட பறவையைத் தேடிப் போகவில்லை. சுட்டுவிட்டு எடுக்காமல் வந்தது இதுதான் முதல் தடவை.

பாதத்தின் காயம் சிறியது என்று எழுதியிருந்தாய். நான்கு பாதத்திலும் தழும்பு இருக்கிறது.

அண்ணே, என்ன நடந்தது? நான் கோபப்பட மாட்டேன். எனக்குத் தெரிந்தால்தான் எங்கிருந்து திரும்பத் தொடங்குவது என்று யோசிக்க முடியும்.

ரெபெக்கா


ஃபிரிஸ்கோ
டிசம்பர் 3

ஏட்டி ரெபி,

சுகந்தானே. லெட்டர் பாத்தேன். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஒண்ணும் நடக்கலட்டீ. நடந்தா சொல்லாம இருப்பேனா? ஆறு மாசம் நீ இல்ல, பறவை இல்ல, துப்பாக்கி இல்ல. திடீர்னு கொண்டுபோய் மலையில வெச்சு பக்கத்துல டமால்னா பயப்படாதா? மனுஷனே பயப்படுவான். பாதம் இங்க சிமெண்ட் ரோட்டு வெயில்ல வெந்துபோச்சு. எல்லா நாய்க்கும் இங்க அப்படித்தான்.

சொல்லுதேன்னு தப்பா நெனைக்காத, விட்டுட்டுப் போனது நீ. நாய்க்கும் மனசு இருக்குல்லா. கொஞ்ச நாள் விடு, சரியாயிரும்.

கிறிஸ்மஸ்க்கு வா. உன் மைனி கேக்குக்கு இப்பவே பழம் ஊறப் போட்டாச்சு. மிளகையும் கூட்டிட்டு வா, கெசியா டெய்லி கேக்கா.

ரூஃபஸ்


ஃபிரிஸ்கோ
டிசம்பர் 12

அன்புள்ள ரெபெக்காவுக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துக்கள். நீயும் மிளகும் சுகமாக இருக்கிறீர்களா? எங்களுக்கு எல்லோருக்கும் சளி, மற்றபடி குறைவில்லை.

கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் வந்துவிடு. நீ வந்து கூட்டிப்போன அன்று நான் லீவு போட்டிருக்கலாம். உங்கள் அண்ணன், "வேண்டாம், அவள் அவசரமாகப் போவாள்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மனதே கேட்கவில்லை. உன்னை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று இருந்தேன்.

அந்த மூன்று நாளும் நாங்கள் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். உங்கள் அண்ணன் சாப்பிடவில்லை. சபையில் எல்லோரும் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். நம் சபை நவநீத் அங்கிள் அறுபது மைல் போய் ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டினார். கிடைத்த அன்று ராத்திரியே உனக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், நீ அழுதுவிட்டு, "பரவாயில்லை அண்ணே, கிடைத்துவிட்டானே" என்று மன்னித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வேறு யாராயிருந்தாலும் அந்த மனது வராது ரெபெக்கா. இதை எழுத்தில் உனக்குச் சொல்ல வேண்டுமென்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் செய்த நன்மைகளுக்கு இந்த வருஷம் எல்லோரும் சொன்ன சாட்சிகளைச் சேர்த்துச் சபை மலர் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கம் பார். உனக்கென்று ஒரு பிரதி வாங்கினேன்.

அன்புடன்,
ஜோசபின் மைனி


சான் ரமோன்
டிசம்பர் 20

அண்ணே,

மைனி அனுப்பிய சபை மலர் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். நீயே எழுதிக் கொடுத்ததுதான் என்றாலும் என் கையெழுத்தில் ஒரு தடவை படி.

"என் சகோதரி நம்பி ஒப்படைத்த மிளகு என்னும் நாயைச் செப்டம்பர் முதல் தேதி, ஓய்வுநாளை நான் அசட்டை செய்து புறா வேட்டைக்குக் கொண்டுசென்றேன். முதல் வெடிச் சத்தத்திலேயே அது ஓடிப்போயிற்று. மூன்றாம் நாள் நாற்பது மைல் தொலைவில் அதை உயிரோடு மீட்டுக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். சகோ. ரூஃபஸ் குடும்பத்தார்."

இருநூறு குடும்பம் இதைப் படித்திருக்கிறது. ஆலயத்தில் வாசித்திருப்பார்கள். எழுந்து நின்றிருப்பாய். எனக்கு மட்டும் சிமெண்ட் ரோடு, வெயில். மைனிக்கு நான் போனில் அழுதது, மன்னித்தது. நான் பேசாத பேச்சை என் வாயில் வைத்திருக்கிறாய்.

நீ கொண்டு போனதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதற்காக நானும் வருத்தப்பட்டிருப்பேன்.

ஆனால் எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் குளிர்காலம் முழுதும் மலைக்கே போயிருக்க மாட்டேன். மறுபடியும் அடுத்த அறையில் கரண்டியிலிருந்து ஆரம்பித்திருப்பேன். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, ஒரு வேளை வந்திருப்பான். நவம்பரில் அவன் நின்றான், அண்ணே. அத்தனைக்கும் பிறகு எனக்காக நின்றான். ஒன்றும் தெரியாமல் அவன் தலைக்கு மேலே நான் சுட்டேன். அந்த வெடி என் கையால் வெடித்தது. நீ ஒரு வரி எழுதியிருந்தால் வெடித்திருக்காது.

கிறிஸ்மஸுக்கு வரவில்லை.

ரெபெக்கா


ஃபிரிஸ்கோ
ஜனவரி 6, 2025

ரெபி,

ஏழெட்டுப் பேப்பர் கிழிச்சாச்சு.

இல்லன்னுதான் மேனேஜர்ட்ட சொன்னேன். அது நிஜம். முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணி, "ப்ரிங் தி டாக், எவ்ரிபடி வாண்ட்ஸ் டு ஸீ ஹிம்"னாரு. எவ்ரிபடின்னா யாரு தெரியுமா, என் பேரக்கூட சரியா சொல்லத் தெரியாத ஆளுங்க. வண்டியிலயே வெச்சுட்டு ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாம்னு நெனைச்சேன். வெயில், கதவத் தொறந்து விட்டேன். அவ்வளவுதான். பதினாலு துப்பாக்கி ரெபி. அவன் என்னைத்தான் பாத்தான், அப்புறம் ஓடிட்டான். நான் பின்னாலயே ஓடினேன். அவங்க யாரும் எந்திரிக்கல.

சபையில ஜெபம் கேக்காம எப்படி இருக்க முடியும்? கிடைச்ச பிறகு நன்றி சொல்லாம எப்படி இருக்க? ஆண்டவர் திருப்பிக் கொடுத்துட்டாரே, இனி உன்னை எதுக்குக் கலங்கடிக்கணும்னு தோணுச்சு. ஜோசபின் டெய்லி கேட்டா, சொல்லிட்டீங்களா சொல்லிட்டீங்களான்னு. அதான் சொல்லிட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல.

நல்ல ட்ரெயினர் யாராவது இருந்தா சொல்லு. எவ்வளவு ஆனாலும் நான் குடுக்கேன்.

திட்டியாவது ஒரு லெட்டர் போடு.

அண்ணன்


சான் ரமோன்
பிப்ரவரி 23

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் சளி சரியாகிவிட்டதா? கெசியா மிளகுக்காக வரைந்து அனுப்பிய படம் வந்தது. அவன் படுக்கிற இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அவன் உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறான்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்க வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் ஒரே பொய்தான் சொல்லப்பட்டது, ஆளுக்கொரு பாதியாக. அண்ணனிடமிருந்து ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு வந்திருக்கிறது. நான் பிரிக்கவில்லை. எப்போது பிரிப்பேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை, மைனி. தெரியும் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மிளகு என்ன ஆனான் என்றும் கேட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

சீசன் முடிந்துவிட்டது. துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு அவனை மலைக்குக் கூட்டிப்போனேன். சத்தமே இல்லாமல் பறவையை மட்டும் பார்க்கட்டும், அதிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் விட்டுவிட்டு ஏறினோம். காற்று எங்களுக்கு எதிராக வந்தது, வாசனையைக் கொண்டுவரும் நல்ல காற்று. மேலே ஒரு பாறைக்குப் பக்கத்தில் அவன் மூக்கு சட்டென்று திரும்பியது. முன்கால் பாதி எழுந்தது. நான் நின்றுவிட்டேன்.

அவன் அந்தக் காலைத் திரும்பக் கீழே வைத்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே எதுவுமே இல்லாததுபோல் புல்லை மோந்தபடி மெதுவாக நடந்து வந்து என் முழங்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

நான் அந்தப் பாறை வரை போனேன். பத்துப் பன்னிரண்டு கௌதாரிகள் கிளம்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கின. மிளகு பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் மலைக்குப் போகவில்லை.

ரெபெக்கா